தூங்குமூஞ்சி மரத்தில் ஆணி பிடுங்கியவர்

மணியண்ணன் இறந்த செய்தி ஒரு பேயின் முகத்துக்குக் கீழே வந்தது. படம் எடுத்த காலத்தில் எங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருந்தோம். படம் ஓடி முடிந்த பிறகும் அது கலையவில்லை. தீபாவளிக்கு வாழ்த்து வரும், யார் வீட்டிலாவது காதுகுத்து என்றால் அழைப்பிதழ் வரும். குழுவின் முகப்பில் இருந்தது விநியோகஸ்தர் அடித்த சுவரொட்டி: வெள்ளை விழியோடு வாயைப் பிளந்திருக்கும் ஒரு சிறுமி. ரவாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலை அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அந்த முகம் கைப்பேசியில் வந்து நின்றது. ஒளிப்பதிவு செய்த குணா எழுதியிருந்தான். "மணியண்ணன் போயிட்டாரு. நெஞ்சு வலின்னு கிளினிக்ல போயி உக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்." அதற்குக் கீழே கும்பிடும் கைகளாக வந்து விழுந்தன. அவருக்கு அந்தச் சுவரொட்டி அறவே பிடிக்காது. அதை மாற்றுங்கள் என்று எத்தனையோ முறை குழுவில் கேட்டிருக்கிறார். யாரும் மாற்றவில்லை.

சுப்பிரமணியம் என்ற பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். கோல சிலாங்கூர் வட்டாரத்துக்கு அவர் வீடியோ மணியம். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருடைய கல்யாணத்தை அவர்தான் எடுத்திருப்பார். எடுத்து முடித்த பிறகு அவரைத் திட்டியும் இருப்பீர்கள். மாப்பிள்ளை தாலி கட்டும்போது கேமரா போய் மூலையில் நிற்கும் சித்தியைக் காட்டும். என் கல்யாண வீடியோவில் என் மாமியார் ஒருவரையொருவர் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் வெற்றிலையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும் ஒரு பாட்டு நீளத்துக்கு ஓடுகிறது. கேட்டால் சொல்வார்: "அழுவுறவங்கள எல்லாரும் எடுப்பான். பக்கத்துல அழுவாம நிக்கிறாங்க பாரு, அவங்கள எடுக்கணும்." இப்படிப் பேசிப் பேசியே பல வாடிக்கைகளை இழந்தவர்.

புக்கிட் பெலிம்பிங் கோயில் திருவிழாவில் நான் மேடை நாடகம் நடித்துவிட்டு இறங்கியபோது வந்து எதிரில் நின்றார். "நீ அழுவுறது பாசிர் பெனம்பாங் வரைக்கும் கேக்குது" என்றார். பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன். "என் படத்துல அம்மா வேஷம் இருக்கு. அதுல நீ அழுவவே கூடாது. முடியுமா?" என்று கேட்டார். வீடியோ மணியம் படம் எடுக்கப்போகிறாரா என்று எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வேனில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவர்தான் செல்வி, மணியண்ணனின் தங்கை. என்னைவிட மூத்தவர் என்பதால் நான் செல்வியக்கா என்பேன்.

செல்வியக்கா அதிகம் பேசமாட்டார். பேசமாட்டார் என்பதைவிட, பேச்சு அவருக்கு வேண்டியிருக்கவில்லை என்று சொல்லலாம். 'சோறு', 'வேணாம்', 'அண்ணே', இப்படிச் சில சொற்கள் மட்டும் வைத்திருந்தார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அண்ணன் எங்கே போனாலும் வேனில் கூடவே வருவார். கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு மேசையின் கோடியில் உட்கார வைத்துவிட்டு, இடையிடையே வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போவார் மணியண்ணன். செல்வியக்காவின் தலையை அண்ணன்தான் வாரிவிடுவார். எண்ணெய் வைத்து, வகிடு எடுக்காமல், எல்லா முடியையும் உச்சிக்கு மேலே இழுத்து ஒரு பெரிய கிளிப் போடுவார். ஏன் அப்படி என்று ஒருநாள் படப்பிடிப்பில் தெரிந்தது. கிளிப் நழுவியபோது உச்சந்தலையில் வெள்ளிக்காசு அளவுக்கு முடியே இல்லாத ஓர் இடம் இருந்தது.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். ஒருவரைக் காத்துக் கருப்பு பிடித்துவிட்டது என்றால் பூசாரியிடம் கூட்டிப்போவார்கள். வேப்பிலை அடித்து, எலுமிச்சம்பழம் அறுத்து, கடைசியில் அந்த ஆளின் உச்சிமுடியைக் கொத்தாகப் பிடித்து வேரோடு பிடுங்கி ஒரு மரத்தில் வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். பிடித்தது மரத்தோடு போய்விடும் என்பது நம்பிக்கை. செல்வியக்கா சின்ன வயதில் கடிப்பாராம், தலையைச் சுவரில் மோதுவாராம், கூப்பிட்டால் திரும்பமாட்டாராம். இன்றைக்கு அதற்கு டாக்டர்கள் ஒரு பெயர் சொல்கிறார்கள். அன்றைக்குத் தோட்டத்து லய வீடுகளில் அதற்கு இருந்தது வேறு பெயர்.

மணியண்ணனின் படத்துக்குப் பெயர் 'உச்சிமுடி'. கதை இவ்வளவுதான். தோட்டத்தில் ஒரு சிறுமி கடிக்கிறாள், கத்துகிறாள். அவளைச் சுற்றி வீட்டாரும் ஊராரும் பயந்து நடுங்குகிறார்கள். இருட்டும் சத்தமுமாக நமக்கும் பயம் வருகிறது. கடைசியில் அவள் முடியை மரத்தில் அடிக்கிறார்கள். அதன் பிறகு அவள் கத்துவதில்லை. அம்மா சந்தோஷமாகச் சோறு ஊட்டுகிறாள். சிறுமி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறாள், சோறு கீழே விழுகிறது, அம்மா மறுபடி ஊட்டுகிறாள். கேமரா அவள் முகத்தைவிட்டு நகராது. அத்தோடு படம் முடிகிறது. பேய் என்று ஒன்று படத்தில் எங்குமே கிடையாது.

ஆணி அடிக்கும் காட்சியைப் புக்கிட் ரோத்தானுக்கு வெளியே, பழைய லயங்கள் இருந்த இடத்தில், செம்பனைகளுக்கு ஓரமாக நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரத்தில் எடுத்தோம். அன்றைக்கு மட்டும் செல்வியக்காவைக் குணாவின் மனைவியோடு பாசிர் பெனம்பாங்குக்கு மீன் மீ நூடுல்ஸ் சாப்பிட அனுப்பிவிட்டார் மணியண்ணன். சிறுமியாக நடித்த தர்ஷினி, ஷாட் முடிந்ததும் கெரோப்போக் வறுவல் பாக்கெட்டைத் தேடி ஓடும் சிரிப்பு மூட்டைப் பிள்ளை. முடிக்கு எங்கள் நாடகக் குழுவின் பழைய சவுரியைத்தான் வைத்திருந்தோம். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஆணி இறங்கியது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. மணியண்ணன் நிறுத்தினார். "அழுவாத. சிரி" என்றார். ஏன் சிரிக்க வேண்டும் என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "ஆணி அடிச்சப்ப எங்கம்மா சிரிச்சிச்சு. அதுக்கு அன்னிக்கு அவ்வளவு நிம்மதி" என்றார். நான் மறுபடி தர்ஷினியின் தலையைப் பிடித்துக்கொண்டேன். சிரித்தேன். நான் நடித்ததிலேயே அது ஒன்றுதான் நடிப்பு.

படம் முடிந்ததும் முதலில் செல்வியக்காவுக்குத்தான் வீட்டு டிவியில் போட்டுக் காட்டினாராம். "எந்திரிச்சுப் போவல. கடைசி வரைக்கும் பாத்துச்சு. எனக்கு இது போதும்" என்றார். அது போதவில்லை. கோலாலம்பூரில் செய்தியாளர்களுக்கும் விமர்சகர்களுக்கும் தனிக்காட்சி போட்டோம். விளக்கு எரிந்ததும் ஒரு தம்பி எழுந்து, "சார், பேய்ப்படம்னு கூப்டீங்க. பேய் எங்க சார்?" என்று கேட்டார். அரங்கமே சிரித்தது. "அந்தப் புள்ளைக்குப் பேய் பிடிக்கல தம்பி. அதான் படம்" என்றார் மணியண்ணன். அதற்கும் சிரித்தார்கள்.

மறுவாரம் விமர்சனங்கள் வந்தன. 'பேயைக் காட்ட மறந்த இயக்குநர்' என்று ஒரு நாளேடு தலைப்புப் போட்டது. யூடியூப்பில் இன்னொரு தம்பி, "சாம்பார்ல பருப்பே இல்ல ப்ரோ" என்றார். உலக சினிமா பற்றி எழுதும் ஒருவர் பொறுமையாக நீண்ட கட்டுரை எழுதினார். கடைசிக் காட்சியில் எதுவுமே நடக்கவில்லை என்பது அவருடைய முதல் குறை. பேய் புளியமரத்தில் இருப்பதுதானே மரபு, தூங்குமூஞ்சி மரம் நம்பகத்தன்மையைக் கெடுக்கிறது என்பது இரண்டாவது. பேயை நம்பாதவர்கள்கூட அதன் முகவரியில் இவ்வளவு கறாராக இருப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தச் சிறுமியைப் பற்றி, அவளுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பற்றி, யாரும் ஒரு வரி எழுதவில்லை.

விநியோகஸ்தர் நல்ல மனிதர்தான். வீட்டுக்கே வந்து உட்கார்ந்து பேசினார். "ஒரே ஒரு நிமிஷம் பேய் வரட்டும் மணியம். இல்லன்னா இந்த வாரத்தோட படத்தத் தூக்கிடுவானுங்க லா. நடிச்சவங்க முகத்த நெனச்சுப் பாரு" என்றார். மணியண்ணன் எங்கள் முகங்களைத்தான் நினைத்தார். குணா மட்டும் வேண்டாம் என்று சண்டை போட்டான். அதே மரத்தடியில் ஒரு நாள் பிற்பகலில் அந்தக் காட்சியை எடுத்தோம். ஆணி இறங்கியதும் மரம் ஆடுகிறது, கரும்புகை ஒன்று சிறுமியை விட்டு மரத்துக்குள் போகிறது, அவள் கண்ணைத் திறந்து "அம்மா" என்று சிரிக்கிறாள். தர்ஷினிக்குக் கடைசியில் ஒரு வசனம் கிடைத்ததில் பெருமை தாங்கவில்லை. மணியண்ணன் குணாவைச் சமாதானப்படுத்தினார். "ஒரு நிமிஷந்தானடா. முன்னால உள்ளதப் பாத்தவனுக்குத் தெரியும், இது பொய்யின்னு."

படம் மறுபடி வந்தது. "இப்பதான் ப்ரோ படம்" என்றார் அந்த யூடியூப் தம்பி. முன்பு கேலி செய்த நாளேடு, கடைசிக் காட்சியில் தாய்மை வெல்கிறது என்று எழுதியது. உலக சினிமாக்காரர் 'நம் மண்ணின் நம்பிக்கையை மீட்டெடுத்த படைப்பு' என்றார். தூங்குமூஞ்சி மரமும் அவருக்கு இப்போது புதுமையாகிவிட்டது. ஒரு சங்கம் விருது கொடுத்தது. எனக்குச் சிறந்த தாய் என்று பட்டயம், அவருக்குக் கண்ணாடிக் கேடயம். மேடையிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர், "சாந்தி, ஒருத்தனும் பொய்யின்னு கண்டுபிடிக்கல" என்றார். நான் அவரைக் கிண்டல் செய்ய வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அதற்குச் சில மாதம் கழித்து எங்கள் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருக்கும் ஒரு பெண் கேன்டீனில் என்னைத் தேடி வந்தாள். "அக்கா, அந்த மரம் புக்கிட் ரோத்தான்லதானே இருக்கு? எந்த சிம்பாங்ல திரும்பணும்?" என்று கேட்டாள். அவள் மகன் யார் முகத்தையும் பார்ப்பதில்லையாம். அது சினிமாவுக்காக எடுத்தது, அந்த முடிகூட சவுரி என்று விளக்கினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "சொல்ல இஷ்டம் இல்லன்னா வேணாங்கா. எங்க பிள்ளைங்களுக்கும் நல்லதாகட்டுமேன்னுதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள். அன்று மாலையே மணியண்ணனை அழைத்துச் சொன்னேன்.

மறுநாள் இருவரும் போய்ப் பார்த்தோம். மரத்தில் எங்கள் ஆணி இருந்தது. அதைச் சுற்றிலும் எங்களுடையது அல்லாத ஆணிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் முடி. எல்லாம் மெல்லிய பிள்ளை முடி. ஒன்றில் வண்ணத்துப்பூச்சி ரப்பர் பேண்ட் அப்படியே இருந்தது. மணியண்ணன் வேனுக்குப் போய், கேமரா மேடை அடிக்க வைத்திருந்த கொண்டிச் சுத்தியலை எடுத்துவந்து பிடுங்கத் தொடங்கினார். அதன் பிறகு சனிக்கிழமை தோறும் அவருக்கு அதுதான் வேலை. கல்யாணம் எடுக்கப் போகும் வழியில், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிடுங்கிவிட்டுப் போவார். செல்வியக்காவை மரம் தெரியாத தூரத்தில் வேனில் உட்கார வைத்திருப்பார்.

ஒரு சனிக்கிழமை நானும் கூட இருந்தேன். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா காடியிலிருந்து இறங்கினார். மணியண்ணன் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, இது நான் எடுத்த படம். புகைய நாங்கதான் போட்டோம். மரத்த ஆட்டுனதும் நாங்கதான், கயித்தக் கட்டி." அந்த அம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "படத்துல பிள்ளைக்குச் சரியாச்சுல்ல?" என்றார். "அது சும்மா எடுத்ததும்மா" என்றார் இவர். "நீங்க சும்மா எடுத்தீங்க அண்ணே. சாமி சும்மா இருக்குமா?" என்று சொல்லித் தன் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தார். அந்தச் சிறுமி மணியண்ணன் கையிலிருந்த சுத்தியலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சும்மா இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. படத்தைப் பாராட்டி எழுதியவர்களிடம் போய், கடைசிக் காட்சி பொய் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள் என்று கெஞ்சினார். ஒருவர், "படத்தப் பத்தி எழுதறதுதாங்க எங்க வேலை. மரத்தப் பத்தி இல்ல" என்றாராம். பழைய முடிவோடு படத்தை இணையத்தில் போட்டார். 'ஒரிஜினல் இல்லை, பேயை வெட்டிட்டாங்க, ஏமாறாதீங்க' என்று கீழே எழுதினார்கள். தோட்ட நிர்வாகத்திடம் மரத்தை வெட்டச் சொன்னார். வெட்ட வந்த வங்காளதேசத்து ஆட்கள்கூட மரத்தைப் பார்த்துவிட்டு ரம்பத்தை லோரியிலேயே திரும்ப வைத்துவிட்டார்கள். அடுத்த மாதம் மரத்துக்கு மஞ்சள் துணி வந்தது. பிறகு ஒரு சூலம், தகரக் கூரை, உண்டியல், நிர்வாகக் குழு. அவர் ஆணி பிடுங்கிய இடமெல்லாம் ஓட்டையாகி, அந்த ஓட்டைகளிலும் குங்குமம் வைத்தார்கள். கடைசியாக நான் அவரைப் பார்த்தபோது, "நான் பிடுங்குறத விட அவங்க அடிக்கிறது வேகமா இருக்கு" என்றார். சலிப்போடுகூடச் சொல்லவில்லை.

சாவு வீட்டில் கூட்டம் நிறைய. அவர் கல்யாணம் எடுத்துக் கொடுத்தவர்கள், அவரைத் திட்டியவர்கள் எல்லாரும் வந்து அழுதார்கள். 'உச்சிமுடி புகழ் இயக்குநர்' என்று மலர்வளையத்தில் எழுதியிருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் அழாமல் நின்றவர் செல்வியக்கா ஒருவர்தான். அவரைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கிளிப் போட்டுவிட ஆளில்லாமல் முடி விரிந்து கிடந்தது. கருமக்கிரியை முடிந்ததும் மணியண்ணனின் பெரியப்பா மகன் ராஜுவிடம் நான் கேட்டேன், செல்வியக்காவை நான் அழைத்துப் போகட்டுமா என்று. "சொந்தம் நாங்க இருக்கோம்லக்கா. ஊரு என்ன பேசும்?" என்றார். அவரும் அவர் மனைவி தேவியும் நல்லவர்கள். செல்வியக்காவுக்கென்று தனி அறை ஒதுக்கிப் புது மெத்தை வாங்கிப் போட்டிருந்தார்கள். நானும் சரி என்றேன். மணியண்ணன் நினைவாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் ராஜு. வேனில் கிடந்த சுத்தியலை எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் தேவி அழைத்தார். "செல்வியக்கா சோறே திங்கலக்கா. அண்ணேன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. முந்தாநாள் என் கையக் கடிச்சிருச்சு." அண்ணனைத் தேடுகிறார், நான் சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன். "பரவால்லக்கா, நேத்து கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்டோம். இப்ப சத்தமே இல்ல. நல்லா இருக்கு" என்றார். எங்கே கூட்டிப்போனீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டியதில்லை. "மரத்துக்குத்தான். அண்ணனே படத்துல காட்டிட்டுப் போயிருக்காரே. தங்கச்சிக்காகத்தான் எடுத்திருக்காரு பாவம். அதச் செஞ்சாத்தான் அவரு ஆத்மா சாந்தியடையும்னு இவருதான் சொன்னாரு." தேவியின் குரலில் அன்பைத் தவிர வேறு எதுவும் இல்லை.

சனிக்கிழமை நான் மரத்துக்குப் போனேன். தேட வேண்டியிருக்கவில்லை. அத்தனை கறுப்புப் பிள்ளை முடிகளுக்கு நடுவில் ஒரே ஒரு நரைத்த கொத்து, எண்ணெய் மினுக்கோடு, என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. ஆணி புதியது, எளிதில் வரவில்லை. பின்னால் யாரோ வந்து நின்றார்கள். மகனைத் தோளில் போட்டுக்கொண்டு கணவனும் மனைவியுமாக இருந்தார்கள். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க படத்துல வந்த அம்மாதானே?" என்றாள். ஆமாம், அது பொய், இந்த மரத்தில் ஒன்றுமில்லை, பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றேன். என்னென்னவோ சொன்னேன், கடைசியில் அழுதும்விட்டேன். அவள் என் தோளைத் தொட்டு, "அழுவாதீங்கக்கா, உங்களுக்கும் நல்லதா நடக்கும்" என்றாள். கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான் முடிக்கட்டும் என்று இருவரும் ஓரமாகக் காத்து நின்றார்கள். காடிக்குத் திரும்பி நடக்கும்போது பின்னால் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது.

மணியண்ணனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கொண்டிச் சுத்தியல், நான் மரத்திலிருந்து எடுத்துவந்த அவர் தங்கையின் முடி, அழுதபோதெல்லாம் சிரி என்று சொன்ன அவர் குரல். முடியை ஒரு கைக்குட்டையில் மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன். அதை வைத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மரத்திலிருந்து வந்த வழியிலேயே புக்கிட் பெலிம்பிங்கில் ராஜு வீட்டுக்குப் போய்ச் செல்வியக்காவைப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையில் மஞ்சள் பூசியிருந்தார்கள். தேவி பக்கத்தில் உட்கார்ந்து, சந்தோஷமாகச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். செல்வியக்கா வாயைத் திறந்தபடி இருந்தார். சோறு கீழே விழுந்தது. தேவி மறுபடி ஊட்டினார். மணியண்ணன் முதலில் எடுத்த கடைசிக் காட்சி இதுதான். இதில் எதுவுமே நடக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள்.